கோப்பன்ஹேகனிலிருந்து பாரிஸ் எவ்வளவு தூரம்

கோப்பன்ஹேகனில் விமானம் ஏறினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் பாரிஸில் இறங்கிவிடலாம். ஆயிரம் கிலோமீற்றருக்குச் சற்று மேல். எண்பத்தாறிலேயே எனக்கு இது தெரியும். தெரிந்துகொண்டுதான் ஊரிலிருந்த அம்மாவுக்குப் பொய் எழுதினேன்.

பாரிஸில் இருந்த தங்கச்சி தானே ஒருவனைப் பார்த்து முடிவு செய்திருந்தாள். குடிக்காதவன், வேலை இருந்தது. எங்கள் சாதி இல்லை. என் தடை அது ஒன்றுதான். அம்மாகூட மனதைத் தேற்றிக்கொண்டு, "அவள் தனிய, நீ போய் நிண்டு செய்து வை" என்று எழுதியிருந்தா. எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை வந்ததும் பெண்ணின் சகோதரன் அவன் காலைக் கழுவி உள்ளே கூட்டிப்போக வேண்டும். அவளுக்கு இருந்த ஒரே சகோதரன் நான். அவன் காலை நான் தொடுவதா என்று நினைக்கவே உடம்பு எரிந்தது.

அப்போது நான் டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில், ஓர் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. என்னோடு அறையில் இருந்த மன்னார்க்காரன் விமான நேரமெல்லாம் விசாரித்துக்கொண்டு வந்தான்.

"என்ன அண்ணை, யாழ்தேவி ரயில் கொழும்புக்குப் போய்ச் சேர முதல் நீங்கள் பாரிஸுக்குப் பறந்து, சோறு திண்டு, திரும்பியும் வந்திடுவியள்."

"உன்ர வேலையைப் பார்."

அவன் சொல்லித்தான் மேலாளருக்கும் விஷயம் தெரிந்தது. ஒரு கிழமை லீவு தருகிறேன், போய் வா என்றார். வேண்டாம் என்றேன். அம்மாவுக்கு எழுதினேன்: ரயில், கப்பல், பிறகும் ரயில், போகவே மூன்று நாள், லீவும் இல்லை. கலியாணத்தன்று நான் பன்றித் தொடையில் எலும்பு எடுத்துக்கொண்டு நின்றேன்.

ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிறு மத்தியானம் தங்கச்சி தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அம்மா எழுதியிருக்கிறா. அண்ணனோட கோவிக்காதை பிள்ளை, அவன் பாவம், மூண்டு நாள் பயணமாம், கடல் எல்லாம் தாண்ட வேணுமாம் எண்டு."

நான் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"உங்களைக் கூட்டிவர எத்தினை மணிக்கு எயார்போட்டுக்கு வரவேணும் எண்டு நான் முதலே விசாரிச்சு வைச்சனான், அண்ணா. ரண்டு மணித்தியாலம்கூட இல்லை. அம்மாவுக்குச் சொல்லேல்லை. சொல்லவும் மாட்டன்."

"வேலை..." என்று தொடங்கினேன்.

"விடுங்கோ."

விட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "ஆர் கால் கழுவினது?" என்று கேட்டேன்.

"ஒருத்தருமில்லை. அவரே வாசலில குனிஞ்சு தண்ணி ஊத்திக் கழுவிப்போட்டு உள்ள வந்தவர். ஆக்கள் எல்லாரும் பாத்துக்கொண்டு நிண்டவை." பிறகு, "அவர் பக்கத்திலதான் நிக்கிறார். உங்களோட கதைக்க வேணுமாம், குடுக்கிறன்" என்றாள்.

"அண்ணை, சுகமா இருக்கிறியளோ?" என்று ஒரு குரல் கேட்டது. மரியாதையான குரல்.

நான் ரிசீவரை வைத்துவிட்டேன்.