நாலு இதழா, ஐந்து இதழா?

"உடனே வா. அப்பு எனக்கு விஷம் வைத்துவிட்டான்."

எங்கள் தேயிலைத் தோட்டத்தை நடத்தும் பெரியதுரை கைப்பட எழுதிய துண்டுக் காகிதம் இது. சென்ற புதன்கிழமை, காலை எட்டே முக்காலுக்கு டிஸ்பென்சரியில் என் கைக்கு வந்தது. அவசரத்திலும் நேரத்தை அதன் மூலையில் குறித்துக்கொண்டேன் – பழக்கதோஷம்!

பங்களாவுக்கு ஓடினேன். துரை வாந்தியெடுத்து ஓய்ந்து சாய்வு நாற்காலியில் கிடந்தார். நாடி சீராகத்தான் இருந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. வாசலில் நின்ற சமையல்காரர் சூசை அப்புவின் முகத்தில்தான் உயிரில்லை.

"இந்த ஆள் வேண்டாம். இன்னிக்கே பத்துச்சீட்டு. பொண்டாட்டி புள்ளை எல்லாம் போகணும்!" என்றார் துரை.

பத்துச்சீட்டு வாங்கி வேலை போனால் குடியிருக்கும் அறையும் போகும். அதுகூடப் பரவாயில்லை... விஷம் வைத்தவன் என்று பெயரெடுத்த ஆளை நமுனுகுல முதல் கொஸ்லந்த வரை எந்தத் தோட்டத்துப் பங்களா அடுப்படிக்குள் விடும்?

"என்ன அப்பு குடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"ரொட்டிக்குள்ள வச்சுத் திங்கிற வாட்டர்கிரெஸ் கீரைதாங்க. ஓடையில பறிச்சேன்."

"அதுதான்னு எப்படித் தெரிஞ்சுது?"

"நீங்கதானே டாக்டரய்யா பேப்பர்ல எழுதியிருந்தீங்க! காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்களத்துல கங்காணி சத்தமா வாசிச்சாரே... தண்ணியோரம் சின்னச் செடி, சின்ன வெள்ளப் பூன்னு."

எனக்கு வியர்த்துவிட்டது.

உண்மைதான், வாசகர்களே. இந்தப் பத்தியில்தான் எழுதினேன். தண்டை ஊற்றுநீரில் போட்டால் கணுவில் வேர்விடும், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே ஓடும் தண்ணீரில் வளர்க்காதீர்கள் என்றெல்லாம் விளக்கினேன். கடுகுக் குடும்பத்துச் செடி, பூவுக்குச் சிலுவைபோல நாலே இதழ், இலையைக் கசக்கினால் மூக்கில் காரம் ஏறும் – இதையும் எழுதியிருந்தேன். பிறகு, 'இதழ் எண்ணுவதெல்லாம் வாசகருக்குச் சலிப்பு' என்று அச்சுக்கு அனுப்புமுன் அந்த வரியை நானே அடித்துவிட்டேன்!

மிச்சக் கீரை கூடையில் இருந்தது. ஒவ்வொரு பூவாக எண்ணினேன். நாலு... நாலு... நாலு... ஐந்து.

இரண்டு செடிகள் கலந்திருந்தன. ஐந்து இதழ்க்காரனைக் கசக்கினேன். காரமே இல்லை.

தவறு என்னுடையது என்று துரையிடம் சொல்ல வேண்டும். ஒரே வாக்கியம். அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? நானோ கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாலு புத்தகம் படித்தவன், பத்திரிகையில் எழுதுகிறவன் என்ற பெயர் தடுத்தது.

சூசை அப்பு சட்டென்று கூடைக்குள் கைவிட்டார்.

"மாதா மேல ஆணையா விஷம் வைக்கலீங்க தொரை! இந்தாங்க, நானே திங்கிறேன்!"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஒரு பிடியை வாயில் போட்டு விழுங்கிவிட்டார்.

அதன்பிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். துரை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மத்தியானம் வரைக்கும் பாப்போம்" என்றார்.

உப்புத்தண்ணீர் கரைத்து நீட்டினேன். அப்பு தள்ளிவிட்டார்.

"கக்குனா தொரை நம்ப மாட்டாருங்க."

பின்படியில் அவர் மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நான். ஒன்பதரை. பத்து. பத்தரைக்கு அப்பு வயிற்றைத் தடவினார். நான் உப்புத்தண்ணீரை மறுபடி எடுத்து நீட்டினேன்.

"பசிக்குதுங்க, வேற ஒண்ணுமில்ல" என்றார். "நீங்கதான் வேர்த்துக் கொட்டுறீங்க டாக்டரய்யா. தண்ணி கொண்டாரட்டா?"

பன்னிரண்டு அடித்தது. உள்ளிருந்து துரையின் குரல்: "அப்பு! சூப்!"

அவ்வளவுதான். பத்துச்சீட்டைப் பற்றி அதன்பின் பேச்சில்லை.

ஆகவே, என் திருத்தம் இது: நாலு இதழும் கடுகுக் காரமும் சேர்ந்து இருந்தாலொழியத் தொடாதீர்கள்.

அப்பு விழுங்கிய பிடியில் அந்த இன்னொரு செடி இருந்ததா? நான் பார்க்கவில்லை. துரையைப் புரட்டியெடுத்தது அதுவா, முந்தைய நாள் தின்ற டின் மீனா? செடியை உலர்த்தி, விஷயம் தெரிந்த ஒருவருக்கு அனுப்பியிருக்கிறேன். பதில் வரவில்லை. விஷமா, இல்லையா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.

உறுதிசெய்துகொள்ள, இன்னொருவரையா தின்னச் சொல்வது?