தன் சவப்பெட்டியைத் தானே தூக்கியவர்

வெர்லின் ஸ்லோன் இறந்தது பத்தொன்பதாவது வயதில், சுரங்கத்தின் மேற்கூரை சரிந்து. அதைத் திரையில் பார்த்து அமெரிக்கா முழுக்கக் கைக்குட்டைகள் நனைந்தன. அந்த நேரத்தில் அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. கென்டக்கி மலைகளுக்கு நடுவே மட்லிக் பள்ளத்தில், ஓடைக்கரை வீட்டில் தனியாக உட்கார்ந்து, சோள ரொட்டியை மோரில் பிட்டுப் போட்டுத் தின்றுகொண்டிருந்தார்.

தங்கை ஒலீட்டா, கன்ட்ரி என்கிற கிராமியப் பாட்டில் பெரிய பாடகி. செருப்பில்லாமல் பள்ளிக்கூடம் போன பெண் ஏழு கார் வைத்திருக்கும் சீமாட்டியான கதையைப் படமாக எடுக்க வந்தார்கள். வந்து பார்த்தால் வறுமை போதவில்லை. பழைய வீட்டுக்குக் கூடுதலாக இரண்டு ஓட்டை போட்டார்கள். சாவும் போதவில்லை. அப்பா நிலக்கரித் தூசியை நெஞ்சில் வாங்கிக்கொண்டு பதினான்கு வருடம் இருமி இருமிச் செத்தவர். டிக்கெட் வாங்கியவனை அவ்வளவு நேரம் உட்கார வைக்க முடியுமா? ஆகவே அண்ணனைக் கொன்றார்கள். மூன்று நிமிடத்தில் முடிந்தது. அந்தச் சாவுக்கு ஒலீட்டா ஒரு பாட்டும் கட்டினாள். படத்தைவிடப் பாட்டு நன்றாக ஓடியது.

அடக்கக் காட்சியை ஸ்லோன் குடும்பத்தின் சொந்த இடுகாட்டிலேயே வைத்தார்கள். குன்றின் மேல், அம்மாவுக்குப் பக்கத்தில். பெட்டி தூக்க ஆறு ஆண்கள் வேண்டியிருந்தது. படக்காரர்கள் உள்ளூர்க் கூட்டத்தில் ஒரு முகத்தைப் பார்த்து, இத்தனை சோகம் காசு கொடுத்தாலும் கிடைக்காது என்று முதல் ஆளாக நிறுத்தினார்கள். அதுதான் வெர்லின். யாரைப் புதைக்கிறோம் என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை. பெட்டியைக் குழியில் இறக்கி நிமிர்ந்தபோதுதான் கல்லில் தன் பெயரைப் படித்தார். சாயந்திரம் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்று சும்மா இருந்துவிட்டார்.

அங்கேதான் தப்பு நடந்தது. பிரசங்கியாராக நடிக்க ஊர்ச் சபையின் பிரதர் ஹைரமையே பிடித்திருந்தார்கள். ஹைரமுக்கு நடிக்கத் தெரியாது. கண்ணை மூடினார், ஜெபம் நிஜமாகவே வந்துவிட்டது. இயக்குநர் போதும் போதும் என்று கையை ஆட்டியும் இருபது நிமிடம் நிற்கவில்லை. ஹைரம் ஒரு வரி எடுத்துக் கொடுக்க, ஊர் சேர்ந்து இழுத்துப் பாடியது. அழுவதற்குக் கூலி வாங்கியவர்கள் கூலியை மறந்து அழுதார்கள். பொழுது சாய்ந்ததும் படக்காரர்கள் வெறும் பெட்டியைத் தோண்டி எடுத்துக்கொண்டார்கள். கல்லில் கை வைத்தபோது ஊர் மறித்தது. ஜெபம் பண்ணி நட்ட கல்லை அந்தக் குன்றிலிருந்து இதுவரை எவனும் பிடுங்கியதில்லை. அடியில் ஆளே இல்லையே என்று வெர்லின் வாதாடிப் பார்த்தார்.

ஹைரம் தாடையைச் சொறிந்தார். "இப்ப இல்லதான். நீ மட்டும் எங்க போயிடப் போற?"

படம் வெளிவந்த பிறகு ஒஹாயோவிலிருந்தும் டென்னசியிலிருந்தும் சனம் வர ஆரம்பித்தது. வெர்லின் கல்லறைக்கு வழி எது என்று வெர்லினிடமே கேட்டார்கள். அவரும் கையை நீட்டிக் காட்டினார். மனைவி நோலா செத்துப்போன பிறகு இந்த ஐந்து வருடத்தில் அவர் வாசலுக்கு வந்த மனிதர்கள் இவர்கள்தான். அதனால் கூடுதலாக ஒரு நாற்காலியை எடுத்து வெளியே போட்டு வைத்தார். எல்லோரும் செத்தவரைப் பார்க்க அவசரமாகப் போனார்களே தவிர, அதில் யாரும் உட்காரவில்லை. கடைக்குப் போனால், "என்ன வெர்லின், இன்னிக்கு எந்திரிச்சாச்சா?" என்பார்கள். சிரித்துவிட்டு பீன்ஸை வாங்கிக்கொண்டு திரும்புவார்.

மே மாதக் கடைசி ஞாயிறு பள்ளத்தில் கல்லறை அலங்கார நாள். அவரவர் சனத்தின் கல்லறைகளைத் துப்புரவாக்கிப் பூ வைத்து, அங்கேயே துணி விரித்துச் சாப்பிட்டு, பாடிவிட்டு வருவார்கள். பதினோரு வருடமாகத் தலை காட்டாத ஒலீட்டா இந்த வருடம் வருவதாக எழுதியிருந்தாள். வெர்லினுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: அம்மா கல்லறை முன்னால் தங்கைக்குப் பக்கத்தில் அண்ணனாக நிற்க வேண்டும். மூன்று வாரம் இடுகாட்டில் குனிந்து புல் வெட்டினார். புதுச் சட்டை ஒன்றும் எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒலீட்டா தனியாக வந்து அடுக்களையில் உட்கார்ந்தாள். காப்பியைத் தொடவில்லை. பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள், மூன்று பேருந்து நிறைய ரசிகர்கள் வருகிறார்கள் என்று சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தாள்.

"அண்ணே, இந்த ஒரு நாள் மட்டும் வீட்டோட இரேன். அழுவுறதுக்குன்னே அம்புட்டுத் தூரத்துலேர்ந்து வருதுங்க."

"நான் செத்தது உனக்கு எப்பத் தெரியும்?"

"படத்துக்குக் கையெழுத்துப் போடுறப்போ கதையைப் படிச்சுப் பாக்கல. அப்புறமாப் படிச்சேன்." அவள் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தாள். "நெசமாவே அழுதுட்டேன் அண்ணே."

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

பதினோரு மணிக்குக் குன்றேறினார். வேலியோரம், கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். அம்மாவுக்கு இரண்டு பூங்கொத்து இருந்தது. அவருடைய கல்லைப் பூவுக்குள் தேட வேண்டியிருந்தது. ஒலீட்டா கிட்டாரை மாட்டிக்கொண்டு செத்த அண்ணன் பாட்டைப் பாடினாள். இரண்டாவது அடியில் வேலிப்பக்கம் பார்த்துவிட்டாள். குரல் உடைந்தது. துக்கம் தாளவில்லை என்று நினைத்த கூட்டம் இன்னும் பலமாக அழுதது.

சாப்பாடு விரித்தபோது யாரும் அவரை அழைக்கவில்லை. ஸ்லோன்கள் எல்லோரும் ஒலீட்டாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு தட்டில் கோழியும் பீன்ஸும் வைத்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக வேலிக்கு நடந்து வந்தாள். கேமராக்களும் கூடவே வந்தன. வெர்லின் தொப்பியைக் கழற்றினார்.

ஒஹாயோ அம்மாள் ஒருத்தி எட்டிப் பார்த்து, இவர் யார் என்று கேட்டாள்.

"இவரு..." என்றாள் ஒலீட்டா. அண்ணன் முகத்தைப் பார்த்தாள். பின்னால் நின்ற முகங்களைப் பார்த்தாள். "இவருதான் இந்த இடத்தைக் கூட்டிப் பெருக்கிப் பாத்துக்கறவரு."

தட்டு இருவர் கையிலும் இருந்தது. அவர்தான் அதைத் தன் பக்கம் வாங்கிக்கொண்டார்.

"வெர்லினை நல்லா வச்சிருக்கீங்க ஐயா" என்றாள் அந்த அம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அவனால ஒரு தொந்தரவும் இல்லீங்கம்மா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒலீட்டா சிரிக்கவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் யாரோ கையெழுத்துக் கேட்டு நோட்டை நீட்டினார்கள். வெர்லின் தொப்பியை மாட்டிக்கொண்டு, நிழல் பார்த்து உட்கார்ந்து, கோழியைச் சாப்பிட ஆரம்பித்தார்.