கேபிள் டை போட்ட மீன் ரோல்

பிப்ரவரி 3. ரொட்டி ஒரு பாக்கெட். 42.
பிப்ரவரி 3. ரொட்டி ஒரு பாக்கெட். 42.
பிப்ரவரி 5. பால் அரை லிட்டர். 28.
பிப்ரவரி 5. பால் அரை லிட்டர். 28.
மார்ச் 9. மீன் அரை கிலோ. 260.
மார்ச் 11. மீன் முக்கால் கிலோ. 390.

இந்தக் கடைக் கணக்கில் ஒரே வரி இரண்டு முறை வருவது கை தவறி எழுதியதல்ல. இரண்டாவது மாடியில் ஒரே வீட்டில் குடியிருந்த இரண்டு பேர், ஒரே கடையில், ஒரே நாளில், தனித்தனியாக வாங்கி வந்து ஒரே ஃபிரிட்ஜில் வைத்த ரொட்டியும் பாலும் அவை. ஒருவர் லிஃப்ட் மெக்கானிக். இன்னொருவர் அவருடைய மாமியார்.

மெக்கானிக்குக் கம்பெனியில் சேரும்போது வயது பத்தொன்பது. முதல் மூன்று வருடம் கம்பிக்கு கிரீஸ் தடவியே கழிந்தது. பிறகு கை தேறி, ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்டுகள் அவர் பொறுப்புக்கு வந்தன. அதிகம் பேச மாட்டார். பேசினாலும் யோசித்துவிட்டுப் பேசுவதற்குள் எதிராளி வேறு விஷயத்துக்குப் போயிருப்பார். கல்யாணமும் லிஃப்டில்தான் ஆரம்பித்தது. ஒரு அலுவலகத்தின் கேன்டீனில் சமையல் வேலை பார்த்த பெண், சூப் பாத்திரத்தோடு இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டாள். கதவுக்கு வெளியே நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இவர் அவளை வெளியே எடுத்தார். அடுத்த வருடம் கல்யாணம்.

"என் பொண்ணு லிஃப்ட்ல மாட்டினா. இன்னும் வெளிய வரல" என்று மாமியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

மாமியார் ரயில் நிலைய டிக்கெட் கவுன்ட்டரில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்தவர். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர் யாராக இருந்தாலும் ஒரே குரல்தான்: எந்த ஊர், எத்தனை பேர், சில்லறை இருக்கா. ஓய்வு பெற்ற பிறகு மகளோடு வந்து தங்கினார். குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை.

கேன்டீனை மூடியபோது மகள் சரக்குக் கப்பலில் உதவிச் சமையல்காரியாகச் சேர்ந்தாள். ஒன்பது மாத ஒப்பந்தம். முழுதாக முடித்தால் தலைமைச் சமையல்காரி ஆகலாம். நடுவில் இறங்கினால் அதுவரை வேலை பார்த்தது எதுவும் கணக்கில் வராது. இதைக் கணவனிடம் முதல் நாளும் அம்மாவிடம் மறுநாளும் சொன்னாள். அந்த ஒரு நாள் வித்தியாசம் அம்மாவின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

பிப்ரவரி முதல் தேதி அவள் கப்பல் ஏறினாள். இரண்டாம் தேதி மெக்கானிக் சூப் வைத்தார். மாமியார் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார்.

"இது பாத்திரம் கழுவின தண்ணியா மாப்பிள்ளை, இல்ல இனிமேதான் கழுவணுமா?"

அன்று மட்டும் அவர் யோசிக்காமல் பேசிவிட்டார். "உங்க பொண்ணு சமைச்சாத்தான் இறங்கும்னா நீங்களும் கப்பல் ஏறுங்க அத்தை."

"அவள ஏத்திவிட்டதே நீங்கதானே? இனிமே உங்க கையால எனக்கு ஒரு வாய் வேண்டாம்."

"எனக்கும் யாரும் பரிமாற வேண்டாம்."

கொடுத்த டிக்கெட்டைத் திரும்ப வாங்கும் பழக்கம் மாமியாருக்குக் கிடையாது. இறங்கி வரும் பழக்கம், லிஃப்டைத் தவிர வேறு எதிலும், மெக்கானிக்குக்கும் கிடையாது. அன்றிலிருந்து ரொட்டி இரண்டு, பால் இரண்டு. மாமியார் தன் ரொட்டியைத் தன் அறையில் சாப்பிட்டார். இவர் அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிட்டார். ஒரு மாதத்தில் மாமியாரின் வளையல்கள் முழங்கை வரை தளர்ந்து இறங்கின. அதை இவர் கவனித்தார்.

மார்ச் எட்டாம் தேதி கப்பல் ஒரு துறைமுகத்தில் மூன்று நாள் நின்றது. மனைவி போன் செய்தாள். வீட்டு நிலவரத்தை இவர் மறைத்துத்தான் பேசினார், ஆனாலும் அவள் மோப்பம் பிடித்துவிட்டாள்.

"அம்மாவுக்கு மீன்னா உயிர். நான் இங்க பண்றத நீங்க பண்ணுங்க. எங்க செகண்ட் இன்ஜினியர் சீனாக்காரர், அவர் சொல்லித்தான் கத்துக்கிட்டேன். வேலை விட்டு வந்து அரை மணி நேரத்துல ஆயிடும்."

திங்கட்கிழமை அவர் வேலையிலிருந்து வரும் வழியில் முள் இல்லாத மீன் அரை கிலோ வாங்கினார். அவள் சொன்னபடி விரல் கனத்துக்கு நறுக்கி, சோயா சாஸ், இஞ்சி, பூண்டு, கொஞ்சம் மிளகுத்தூள் போட்டுப் பிசறி வைத்தார். அது ஊறுவதற்குள் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தாளையும் தீக்குச்சி போல நறுக்கினார். எல்லாம் ஒரே நீளம். கதவு இடைவெளியை நூல் பிடித்துப் பார்க்கிற கைக்குக் கோணல் வராது. மீனைச் சோள மாவில் புரட்டிக் கொஞ்ச எண்ணெயில் முறுக விட்டு எடுத்தார். சோயா சாஸ், வினிகர், சர்க்கரை, மிளகாய் சாஸ் நான்கையும் சுண்ட விட்டு எள் தூவினார். கடையில் பாக்கெட்டாக விற்கும் மெல்லிய ரொட்டியைச் சூடாக்கி எல்லாவற்றையும் உள்ளே வைத்துச் சுருட்டினார்.

சுருள் நிற்கவில்லை. கையை எடுத்ததும் விரிந்தது. பிரிந்து தொங்குகிற எதையும் அப்படியே விட்டுப் பழக்கமில்லாத மனிதர், வேலைப் பையைத் திறந்தார். வயர்களைக் கட்டும் வெள்ளை கேபிள் டை, புதுசு, ஒரு கட்டு இருந்தது. வெந்நீரில் கழுவி, ஒவ்வொரு ரோலுக்கும் இரண்டு போட்டு, டிக் டிக்கென்று இழுத்து இறுக்கினார். ஆறு ரோல்களும் கன்ட்ரோல் பேனலில் வயர் ஓடுவது போல வரிசையாகத் தட்டில் படுத்தன. அதைக் கொண்டுபோய் மாமியார் முன்னால் வைத்தார்.

"என்ன மாப்பிள்ளை இது?"

"மீன் ரோல் அத்தை. சீனாக்காரங்க மாதிரி."

"சாப்பிடறதா, சுவத்துல அடிக்கறதா?"

"கட் பண்ணிட்டுச் சாப்பிடலாம். கட்டர் தரேன்."

மாமியார் எழுந்து தன் ரொட்டிப் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் தனிக் குடித்தனம் இருக்கும் தன் மகனோடு போனில் பேசுவது சுவரைத் தாண்டிக் கேட்டது.

"ஞாயித்துக்கிழமை வண்டி கொண்டா. நான் அங்க வந்துடறேன்... இங்க சாப்பாட்டுக்கு வயரிங் பண்றாங்கடா."

மகன் இருந்தது வேறொரு கட்டடத்தின் நான்காவது மாடியில். லிஃப்ட் கிடையாது. மாமியாருக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன என்று டாக்டர் படம் எடுத்துக் காட்டியிருந்தார். மெக்கானிக் மூன்று ரோல்களைக் கட்டர் வைத்து அறுத்துத் தின்றார். மீதி மூன்றை மறுநாள் எடுத்துப் போனார். கூட வேலை பார்க்கும் பையனுக்குத் திருப்புளி என்று பட்டப்பெயர். அவன் மோட்டார் அறையில் உட்கார்ந்து மூன்றையும் முடித்தான்.

"ருசி அள்ளுதுண்ணே. ஃபியூஸ் மட்டும் எங்கன்னு சொல்லிடுங்க, பல்லுல கடிச்சிடப் போறேன்."

இவருக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று மாலை போனில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"அம்மா அந்தப் படியில ஏறி இறங்கி எங்கயாவது விழுந்தாங்கன்னா நான் இங்க இருக்க மாட்டேன். அடுத்த துறைமுகத்துல இறங்கிடுவேன்."

"இறங்கினா எல்லாம் போச்சே."

"போனா போகட்டும். நீங்க ஏன் மடிச்சுக் கொடுத்தீங்க?"

"மடிக்காம எப்படி?"

"இங்க கப்பல் ஆடறப்ப நான் யாருக்கும் பரிமாறறதே இல்ல. எல்லாத்தையும் நடுவுல வச்சிடுவேன். அவங்கவங்க எடுத்து அவங்கவங்களே மடிச்சுக்குவாங்க. அம்மா உங்க கையால வேண்டாம்னுதானே சொன்னாங்க? அவங்க கையால சாப்பிடட்டும்."

மெக்கானிக் போனை வைத்துவிட்டு வெகுநேரம் அதையே யோசித்தார். பரிமாறுகிறவர் இல்லாத சாப்பாடு. யார் சபதமும் முறியாது.

புதன்கிழமை முக்கால் கிலோ மீன் வாங்கினார். வறுத்த மீன், வெள்ளரிக்காய், வெங்காயத்தாள், சாஸ், சூடான ரொட்டி எல்லாம் மேசையின் நடுவில். இந்தப் பக்கம் ஒரு வெறும் தட்டு, அந்தப் பக்கம் ஒரு வெறும் தட்டு. மாமியாரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அதுவே பரிமாறுவதாகிவிடும் என்று பயம். எட்டு மணி ஆனால் மாமியார் ரொட்டி எடுக்க வருவார். வந்தார். நின்றார்.

"யாருக்கு இதெல்லாம்?"

"யாருக்கும் இல்ல அத்தை. நடுவுல இருக்கு."

"நடுவுல இருந்தா?"

"நடுவுல இருக்கு, அவ்வளவுதான்."

சொல்லிவிட்டுத் தனக்கு ஒன்றைச் சுருட்டினார். வாய்க்குக் கொண்டுபோகும்போது அடிவழியாக மீன் தட்டில் விழுந்தது, வெள்ளரிக்காய் மடியில் விழுந்தது, சாஸ் முழங்கை வரை ஓடியது. இரண்டாவதைச் சுருட்டினார். அதுவும் அப்படியே. மூன்றாவதைச் சுருட்டி ஒரு கையால் பிடித்துக்கொண்டார். இன்னொரு கை, அவர் அறியாமலே, நாற்காலியில் கிடந்த வேலைப் பையை நோக்கிப் போனது.

"அந்தப் பையத் தொட்டீங்க, இப்பவே கிளம்பிடுவேன்!"

கை திரும்பி வந்தது. மாமியார் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"முப்பத்தோரு வருஷம் சில்லறையக் காகிதத்துல சுருட்டி பேங்குக்கு அனுப்பினவ நான். ஒரு காசு கீழ விழுந்ததில்ல. இப்படியா சுருட்டுவாங்க? ஓட்டைப் பையில தண்ணி பிடிக்கறீங்க. முதல்ல அடிய மடிக்கணும். அப்புறம் ரெண்டு பக்கத்தையும் உள்ள தள்ளணும். கடைசியாத்தான் உருட்டணும். இங்க பாருங்க."

ஒரு ரொட்டியை எடுத்தார். இரண்டு துண்டு மீன், கொஞ்சம் வெள்ளரிக்காய், ஒரு கரண்டி சாஸ். அடி, பக்கம், உருட்டல். ரோல் அவர் கையில் காசுக் கட்டு போல விறைப்பாக நின்றது. எதுவும் சிந்தவில்லை.

இப்போது அதை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. மாப்பிள்ளை தட்டில் வைத்தால் பரிமாறியதாகிவிடும். குப்பையில் போட மனம் வராது. மாமியார் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு கடித்தார்.

மெக்கானிக் நிமிர்ந்து பார்க்கவில்லை. நின்றுபோன லிஃப்ட் தானாக நகர ஆரம்பித்தால் அந்த நேரத்தில் எந்தப் பட்டனையும் தொடக் கூடாது என்பது அவர் தொழிலில் பாடம்.

"இஞ்சி ஜாஸ்தி" என்றார் மாமியார். பாதி ரோல் போன பிறகு, "மீன் பரவாயில்ல."

இவர் அடியை மடித்து, பக்கங்களை உள்ளே தள்ளி, உருட்டினார்.

"இன்னும் கொஞ்சம் இறுக்கி... அவ்வளவுதான், அவ்வளவுதான், அது கழுத்த நெரிக்காதீங்க!"

மாமியார் இரண்டாவதை எடுத்துச் சுருட்டிக்கொண்டார். "அவளும் இதத்தான் சாப்பிடறாளா?"

"ஆமா அத்தை. கப்பல் ஆடினா தட்டு நிக்காதாம்."

"என்கிட்ட சொல்லல. போறதக்கூட உங்ககிட்டதான் முதல்ல சொன்னா."

"ஒரு நாள்தான் முன்னாடி. எனக்கும் கோபம்தான். நான் போன்னு சொல்லல. போகாதேன்னும் சொல்லல."

"ரெண்டும் சொல்லாம கதவத் திறந்து வச்சுக்கிட்டு நின்னீங்களாக்கும், உங்க லிஃப்ட் மாதிரி."

"ஆமா."

மாமியார் அடுத்த ரொட்டியை எடுத்தார். அன்று மூன்று ரோல் சாப்பிட்டார். ரொட்டிப் பாக்கெட்டை எடுக்க மறந்து அறைக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மகன் வண்டியோடு வந்தான்.

"அம்மா, பெட்டி எங்க?"

"பெட்டிக்கு என்ன அவசரம்? கையக் கழுவிட்டு வந்து உக்காரு."

மேசையின் நடுவில் மீன் இருந்தது. மகன் ஐந்து ரோல் சாப்பிட்டான். சட்டையெல்லாம் சாஸ்.

"இவனுக்கும் அடிய மூடத் தெரியல பாருங்க மாப்பிள்ளை" என்றார் மாமியார். பிறகு மகனிடம், "உங்க பில்டிங்ல லிஃப்ட் போட்டதும் சொல்லு. அப்ப வரேன். மாப்பிள்ளை வந்து சரியா ஓடுதான்னு பாத்துட்டுச் சொல்லுவார்."

வண்டி காலியாகத் திரும்பிப் போனது.

அதற்காக எல்லாம் ஒரே நாளில் சீராகிவிடவில்லை. பாராட்டும் கொஞ்சலும் அந்த வீட்டுக்கு என்றும் வந்ததில்லை. மார்ச் 18 முதல் ரொட்டிக்கு ஒரே ரசீது. பால் மட்டும் மே மாதம் வரை இரண்டாகவே வந்தது, மாப்பிள்ளை வாங்கும் பால் தண்ணி என்று மாமியார் சொல்லிக்கொண்டிருந்ததால். புதன்கிழமை மீன் ரோல் என்பது பேசி வைக்காமலே வழக்கமானது. ஏப்ரலில் ஒரு நாள் மாமியார் தன் கையால் சுருட்டிய ரோலை மாப்பிள்ளை தட்டில் வைத்துவிட்டு, "மாதிரிக்கு" என்றார். அவர் அதைப் பிரித்துப் பார்க்காமல் சாப்பிட்டார். கேபிள் டை கட்டு வேலைப் பையிலிருந்து அடுப்படி இழுப்பறைக்கு இடம் மாறி, சர்க்கரைப் பாக்கெட்டின் வாயைக் கட்டப் பயன்பட்டது. அதற்கு மட்டும் மாமியார் அனுமதி கொடுத்தார்.

மகள் எந்தத் துறைமுகத்திலும் இறங்கவில்லை. போன் பேச்சைக் கடிதமாக ஏற்க மாட்டார் என்பதால் அம்மாவுக்கு மாதம் ஒரு கடிதம் எழுதினாள். கணவன் முகம் வாடக் கூடாதென்று அவருக்கும் ஒன்று. இரண்டு உறை, இரண்டு தபால் தலை. செப்டம்பரில் அவள் போன் செய்தபோது மாமியார் அறையிலிருந்தே குரல் கொடுத்தார்: "ஒரே வீட்டுக்கு எதுக்கு ரெண்டு கடிதாசின்னு கேளுங்க."

ஒப்பந்தம் முடிந்தது, தலைமைச் சமையல்காரி ஆகிவிட்டேன், புதன்கிழமைக்குள் வந்துவிடுவேன், மீன் வாங்கி வையுங்கள் என்று எழுதியிருந்த கடைசிக் கடிதம், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே உறையில், நவம்பர் 9 அன்று வந்தது.