வாஷிங்டன் சந்தேகப்படாத மனிதர்

ஊர்த் தீயணைப்பு நிலையக் கூடத்தில் ஓக்கி போல்யார்ட் எழுந்து பேச ஆரம்பித்தால், ஆற்றுக்கு அக்கரையில் மேயும் மான்கள்கூடத் தலையை நிமிர்த்திக் காது கொடுக்கும். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். அக்கரை மான்களை விட்டுவிடுவோம். இக்கரை மான்களுக்குக் கேட்டது நிச்சயம்.

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மலையில் மான் வேட்டை தொடங்குவதற்கு முந்தின சனிக்கிழமை, தீயணைப்புக் கூடத்தில் வேட்டைக்காரர்களுக்கு விருந்து. மான்கறி, பக்வீட் என்ற தானிய மாவில் சுட்ட தோசை, ஆப்பிளை உள்ளே வைத்துச் சுட்ட 'பை' பலகாரம். வயிறு நிறைந்ததும் ஒருவர் எழுந்து பேசுவார். இருபது வருஷமாக அந்த ஒருவர் ஓக்கிதான். பேச்சும் ஒன்றேதான்.

"நான் என்ன துப்பாக்கி வாங்குறேன்னு வாஷிங்டனுக்கு எதுக்குய்யா? இன்னிக்கு எழுதி வெச்சுக்குவான். நாளைக்கு அதையே கையில வெச்சுக்கிட்டு வீடு வீடா வந்து கதவைத் தட்டுவான். கேக்குற எல்லாத்தையும் சொல்லாதீங்க. கட்டாயம் இல்லேன்னா ஒரு எழுத்துகூடத் தராதீங்க!"

கைதட்டல் கூரையைத் தொடும். மாநில அரசின் பனி ஒதுக்கும் லாரியை ஓட்டி ஓய்வுபெற்று, அதே அரசிடம் பென்ஷன் வாங்குகிறவர் இவர் என்பதை அந்த நேரத்தில் யாரும் நினைவுபடுத்துவதில்லை.

இந்த வருஷம் அந்தப் பேச்சை ஓக்கியின் பக்கத்து வீட்டு கிளைட் வுல்ஃபிடம் கொடுத்துவிட்டார்கள்.

கிளைட் குழாய் ரிப்பேர்க்காரர். பேச்சே வராத மனிதர். அவர் செய்ததெல்லாம், லீட்டா நெஸ்டரின் துப்பாக்கிக் கடைக்குப் போய் ஒரு ரைபிள் கேட்டது மட்டும்தான். வழக்கம்போல லீட்டா வாங்குகிறவரைப் பற்றி விசாரிக்க மத்திய அரசாங்கத்துக்குப் போன் போட்டாள். சரி என்றும் வரவில்லை, கூடாது என்றும் வரவில்லை. 'காத்திருக்கவும்' என்று வந்தது. மூன்று நாள் காத்திருந்து வாங்கினார். அதற்குள் கிளைட் ஊருக்கே வீரனாகிவிட்டார். வாஷிங்டனே அவரைப் பார்த்துப் பயப்படுகிறதாம்!

ஓக்கிக்குச் சோறு இறங்கவில்லை.

"கிளைடா? கல்யாணத்துல 'சம்மதம்'னு ஒரு வார்த்தை சொல்றதுக்குள்ள நாலு தடவை இருமினவன்! அவன் போய்ப் பேசப்போறானாம்!" என்று மனைவி அர்வெல்லாவிடம் பொருமினார். "இத்தனை வருஷமாத் தொண்டை கிழியக் கத்தினது நானு. எனக்கு ஏன் வரல?"

"எது வரல?"

"சந்தேகம்டி! என் மேல ஒருத்தனுக்கும் ஒரு சந்தேகம்கூட வரல!"

"வராதவரைக்கும் நல்லதுன்னு இருப்பாங்களா, இப்படி வரலையேன்னு அழுவாங்களா?" என்றாள் அர்வெல்லா, உருளைக்கிழங்கை அவர் பக்கம் தள்ளியபடி. "வேணும்னா நான் சந்தேகப்படுறேன். இப்ப சாப்பிடுங்க."

ஜன்னல் வழியே பார்த்தால் கிளைட் தன் முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தார். அந்தக் கோடாலி வீச்சில்கூட ஒரு தினுசான மிடுக்கு ஏறியிருப்பதாக ஓக்கிக்குப் பட்டது. சனிக்கிழமைக்குள் தன்னையும் வாஷிங்டன் நிறுத்தி வைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கூடத்தில் மற்றவர்களோடு உட்கார்ந்து கிளைடுக்குக் கைதட்ட வேண்டியதுதான்.

மறுநாள் முகம் மழிக்காமல், கறுப்புக் கோட்டு மாட்டி, தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு லீட்டாவின் கடைக்குள் நுழைந்தார்.

"என்ன ஓக்கி அண்ணே, பல்லு வலியா?" என்றாள் லீட்டா.

அவர் சுவரில் தொங்கிய ஒரு ரைபிளைக் காட்டினார். லீட்டா அதை இறக்கி மேஜையில் வைத்துவிட்டு, காப்பியும் விண்ணப்பமும் கொண்டுவந்தாள். ஓக்கியின் பேனா விறுவிறுவென்று இறங்கி, ஆளுக்கு ஒன்றாக அரசு தரும் சோஷியல் செக்யூரிட்டி அடையாள எண்ணைக் கேட்கும் கட்டத்துக்கு வந்தது.

"அது கட்டாயம் இல்லண்ணே. கிளைட் அண்ணன்கூட எழுதல. அதான் நாளாயிடுச்சு. நாட்டுல எத்தனை கிளைட் வுல்ஃபோ! அதுல எவன் என்ன பண்ணினானோ, நம்மாளு அவன் இல்லேன்னு பார்த்து முடிக்கணுமில்ல?"

"அவன் ஏன் எழுதல?"

"உங்க பேச்சைக் கேட்டுத்தானாம். 'ஓக்கி சொன்னது நியாயம், கட்டாயம் இல்லாததை எதுக்குத் தரணும்'னாரு."

ஓக்கியின் பேனா அந்தரத்தில் நின்றது. எந்தக் காகிதத்திலும் காலிக் கட்டத்தைக் கண்டால் அவருக்குக் கை அரிக்கும். இத்தனை வருஷமும் அந்த எண்ணை முத்துமுத்தாக எழுதிக் கொடுத்து வந்தவர் அவரேதான். அவருடைய பேச்சைக் கேட்டு நடந்த ஒரே ஆள், கிளைட்!

பல்லைக் கடித்துக்கொண்டு கட்டத்தைக் காலியாக விட்டார். லீட்டா போன் போட்டாள். நாட்டில் இன்னொரு ஓக்கி போல்யார்டுக்கு எங்கே போவது? அவர் பேனாவை மூடுவதற்குள், "சரின்னுட்டாங்கண்ணே," என்றாள்.

"திருப்பிக் கூப்பிடு."

"எதுக்கு?"

"இன்னும் கொஞ்சம் நல்லாப் பாக்கச் சொல்லு. ஆளு ஒரு மாதிரி இருக்கான், முழியே சரியில்லன்னு சொல்லு."

லீட்டா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ரைபிளை எடுத்துப் பழையபடி சுவரில் மாட்டினாள்.

"இன்னிக்கு உங்களுக்குத் தரமாட்டேன்."

"அரசாங்கமே சரின்னுடுச்சேம்மா!"

"அது உங்க மூஞ்சியைப் பாக்கல. நான் பாக்கறேன். என்னை சந்தேகப்படுன்னு கெஞ்சுறவருக்குத் துப்பாக்கி விக்கிறதா? சவரம் பண்ணிக்கிட்டு, தூங்கி எழுந்து, இன்னொரு நாள் வாங்க."

வாசல்வரை முனகிக்கொண்டே வந்தவர், தன் வண்டிக் கதவைத் திறக்கும்போது நின்றார். கேட்ட துப்பாக்கி கிடைக்கவில்லை. கிடைக்கவே இல்லை! அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

சனிக்கிழமை விருந்தில் கிளைட் எழுந்தார். இருமினார். "காத்திருந்தேன். அப்புறம் குடுத்தாங்க," என்றார். உட்கார்ந்துவிட்டார். கூடமே திகைத்துப்போய் முள்கரண்டியோடு உட்கார்ந்திருந்தது.

ஓக்கியின் நாற்காலி பின்னால் சரிந்தது.

"என்னையும்தாண்டா நிறுத்தினாங்க!" குரல் கூரையில் மோதியது. "கிளைடுக்காவது மூணு நாள்ல கிடைச்சுது. எனக்கு இன்னும் வரவே இல்ல! என் ரைபிள் இந்த நிமிஷம் லீட்டா கடைச் சுவத்துல தொங்குது. வாஷிங்டன்ல ஒரு பெரிய மேஜை, அதைச் சுத்திக் கோட்டு போட்ட ஆளுங்க, நடுவுல என் பேரு!"

கூடம் அதிர்ந்தது. கிளைட்கூட வாய் பிளந்து, "மூணு நாளைவிட ஜாஸ்தியா, ஓக்கி?" என்றார். அந்தக் கேள்வி ஓக்கிக்குத் தேனாய் இறங்கியது. அவர் நெஞ்சை நிமிர்த்தி, அடுத்த வாக்கியத்துக்கு மூச்சை இழுத்தார்.

சமையலறைக் கதவை முதுகால் தள்ளிக்கொண்டு, இரண்டு கையிலும் ஆப்பிள் பலகாரத் தட்டுகளோடு லீட்டா வந்தாள்.

"ஓக்கி அண்ணே, வாஷிங்டன்காரன் நீங்க பேனா மூடுறதுக்குள்ள சரின்னுட்டான். தரமாட்டேன்னது நான்."