பெர்ட் டில்லியின் தொண்ணூற்றாறு

இங்கிலாந்தில் எங்கள் கவுண்டி அணியின் கிரிக்கெட் மைதானத்தில் இரண்டு வாசல்கள். காசு வாங்காமல் ஆடும் கனவான்களுக்கு நடுவாசல். கூலிக்கு ஆடும் எங்களுக்கு ஓரவாசல். ஜோடியாக பேட் பிடிக்கப் போகிறவர்கள்கூடப் புல்தரையில்தான் சந்தித்துக்கொள்வார்கள். நானும் பெர்ட் டில்லியும் ஓரவாசல்காரர்கள்.

பெர்ட், ஜெர்மனியோடு நடந்த பெரிய போரில் விஷப்புகை குடித்துவிட்டு பிரான்சிலிருந்து திரும்பியவன். திறந்தவெளியில் இருந்தால் பிழைப்பாய் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கோடைக்கு கிரிக்கெட் இருந்தது. குளிர்காலம் வந்தால் தோல் பதனிடும் கிடங்கு, சுண்ணாம்பு நெடி, ஓயாத இருமல். கிடங்கு எங்கள் கேப்டன் கார்ஸ்டேர்ஸ் துரையின் குடும்பத்துடையது. கவுண்டித் தொப்பி வாங்கி அணியில் நிரந்தர இடம் பிடித்தவனுக்குக் குளிர்காலத்திலும் சம்பளம் உண்டு. அந்தத் தொப்பியைக் கொடுப்பவரும் அவர்தான். "ஒரு சதம் அடி டில்லி, பார்க்கலாம்" என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

1931 ஆகஸ்டில் ஒருநாள் பெர்ட் தொண்ணூற்றாறில் நின்றான். எதிர்முனையில் துரை, பன்னிரண்டு. அடுத்து ஆட வேண்டியவன் நான். காலில் பேடைக் கட்டிக்கொண்டு ஓரவாசலில் உட்கார்ந்திருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் பெர்டின் மனைவி எட்னா.

"நாலே ரன்னு, ஜாக். மூச்சு விடவே பயமா இருக்கு."

"நீங்க தாராளமா விடுங்க. அவன் மூச்சுதான் முக்கியம்."

துரை பந்தைத் தரையோடு நேரே ஒருவன் கைக்கு அடித்துவிட்டு "வா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார். ரன்னே கிடையாது. பெர்ட் தன் கோட்டுக்குள் நின்றான். துரையும் அங்கேயே வந்து சேர்ந்தார். பந்து மறுமுனைக்குப் போனது. பெர்ட் சும்மா நின்றிருந்தால் துரைதான் அவுட். ஆனால் அவன் கோட்டை விட்டு வெளியே வந்து, அவுட் என்று தெரிந்தே மறுமுனைக்கு ஓடினான். கனவானுக்குக் கூலிக்காரன் விட்டுக்கொடுக்க வேண்டும். யாரும் சொல்லித் தந்ததில்லை, எங்கள் கால்களுக்கே பழகிப்போயிருந்தது. அந்தப் பழக்கத்தில் இடி விழ!

"ஏன்டா ஓடுன, மடையா?" என்றேன், அவன் என்னைக் கடந்தபோது.

"கேப்டன்டா அவரு" என்றான் இருமிக்கொண்டே.

தொப்பி வரவில்லை. அடுத்த வருடம் ஆடவும் கூப்பிடவில்லை. கிடங்கில் மூன்று குளிர்காலம் தாக்குப்பிடித்தான். நான்காவதில் போய்ச் சேர்ந்தான்.

அடக்கம் முடிந்ததும் பெர்டின் வீட்டுக்குத் துரை வந்தார். கெட்டவர் இல்லை. வராமலே இருந்திருக்கலாம், வந்தார். ஹாம் சாண்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டு எட்னாவிடம் சொன்னார்: "நல்ல ஆட்டக்காரன்மா உன் புருஷன். என்ன, சதம் நெருங்குனா பதறிடுவான். அன்னிக்குக்கூடப் பாரு, இல்லாத ரன்னுக்கு ஓடி அவுட் ஆனான், பாவம்."

அவர் மனசறிந்து பொய் சொல்லவில்லை. அப்படித்தான் அவருக்கு ஞாபகம் இருந்தது. நான் வாயைத் திறக்கப் போனேன், எட்னா ஒரு பார்வையில் அடக்கிவிட்டாள்.

"ஆமாங்கய்யா" என்று சொல்லி அவருக்கு இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினாள்.

அவர் வண்டி கிளம்பியதும் கேட்டேன். "நீங்கதான் அன்னிக்குக் கண்ணால பாத்தீங்களே. எப்படி மனசு வந்துச்சு, ஆமாங்கய்யான்னு சொல்ல?"

எட்னா துரை குடித்த கோப்பையை எடுத்தாள்.

"எங்க பெரிய பையனுக்குக் கிடங்குல வேலை கேட்டிருக்கேன், ஜாக். திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காரு."