பூனை கீறிய கை

மாசாய் ஊரில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் சுவர்தான். அந்த வீட்டு அக்காவை நான் மன்னிக்கப் போவதில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னிடம் பெரிய மனசை எதிர்பார்க்க வேண்டாம்.

அவர் வளர்த்த பூனைக்கு மூக்கில் புண். மஞ்சள் பூச வேண்டும், கொஞ்சம் பிடித்துக்கொள் என்று கூப்பிட்டார். பிடித்தேன். அது திமிறியதில் என் மணிக்கட்டில் கீறிவிட்டது.

"சின்னக் கீறல்தானே, கழுவிட்டா போச்சு லா" என்றார். கழுவிக்கொண்டேன்.

சில வாரங்களில் அந்த இடத்தில் சிவப்பாய் ஒரு கட்டி வந்து உடைந்தது. அதற்கு மேலே இன்னொன்று, அதற்கும் மேலே இன்னொன்று என்று முழங்கை வரை வரிசையாக ஏறியது. வலியில்லை, பார்க்கத்தான் சகிக்கவில்லை. கிளினிக்கில் கொடுத்த மருந்து எதற்கும் அது மசியவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு மலாய் டாக்டரம்மா என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டதே, பூனை ஏதாவது கீறியதா என்றுதான். துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். பூஞ்சை. புண் வந்த பூனையின் நகம் வழியாகத் தோலுக்குள் போய்விடுமாம். மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டால் ஆறிவிடும், உங்களிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது, பயப்படாதீர்கள் என்றார்.

அன்று மாலையே அக்கா வீட்டுக்குப் போய், பூனையை மிருக வைத்தியரிடம் காட்டச் சொன்னேன்.

"என் பூனையா? அது சுத்தமான பூனை. நீ ஃபேக்டரியில எதைத் தொட்டியோ."

அதோடு விட்டிருந்தால் பொறுத்துப் போயிருப்பேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயில் மண்டபத்தில் பெண்கள் கூடி அம்மனுக்கு மாலை கட்டுவோம். அங்கே அக்கா வைத்ததுதான் சட்டம். வாரம் முழுக்க நின்றே வேலை பார்க்கிற எனக்கு, உட்கார்ந்து பூக்கட்டும் அந்த நேரம் ஒன்றுதான் சொந்தம். அதில் கை வைத்தார்.

"அந்தக் கையால பூவைத் தொட வேணாம்மா. ஒட்டிக்கும். அம்மனுக்கு ஆகாது" என்றார் எல்லார் முன்னாலும். ஒட்டாது என்று டாக்டரே சொன்னதாகச் சொன்னேன். "டாக்டர் சொல்லுவாங்க. நமக்கு வந்தா அவங்களா அனுபவிப்பாங்க?" என்று வாயை அடைத்துவிட்டார். மற்றவர்கள் குனிந்து பூக்கட்டிக்கொண்டே இருந்தார்கள்.

நான் கோயிலை விடவில்லை. புண் ஆறும் வரையும், ஆறி மாத்திரையை நிறுத்திய பிறகும், வெள்ளி தவறாமல் போய் அவருக்கு நேர் எதிரே சும்மா உட்கார்ந்தேன். பார்க்கட்டும், உறுத்தட்டும் என்றுதான். எங்கே உறுத்தியது? "தழும்பு இன்னும் இருக்குல்ல" என்றார். கறுவிக்கொண்டே வீட்டுக்கு வருவேன். பூனைமேல் எனக்குக் கோபமே இல்லை.

போன மாதம், வெக்கை தாங்காத ஒரு வெள்ளிக்கிழமை, அக்கா முழுக்கை வைத்த பாஜு சட்டை போட்டுக்கொண்டு வந்தார். நாரை இழுத்து முடிச்சுப் போட்டபோது துணி மேலே ஏறியது. மணிக்கட்டில் தொடங்கி வரிசையாகக் கட்டிகள். எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

பெண்கள் ஒவ்வொருவராகத் தள்ளி உட்கார்ந்தார்கள்.

"ஒண்ணுமில்ல, பூனை பிராண்டிருச்சு. டாக்டர்கிட்ட காட்டிட்டேன், மருந்து சாப்பிடறேன். ஆளுக்கு ஆள் ஒட்டாதாம்" என்றார் அக்கா. ஒருத்தியும் பக்கத்தில் வரவில்லை. அவ்வளவு நன்றாக அவரே சொல்லி வைத்திருந்தார். கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லும்மா. உனக்கு வந்து போனதுதானே. ஒட்டாதுன்னு சொல்லு."

எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள்.

"நான் அன்னைக்கே சொன்னேன்கா. நீங்கதான் நம்ப வேணாம்னுட்டீங்க" என்றேன்.

அவர் முன்னால் இருந்த பூத்தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அன்று அம்மன் கழுத்தில் விழுந்தது நான் கட்டிய மாலை.