போத்தலுக்குள் கல், வயிற்றுக்குள் நோ

என் பித்தக் குழாயில் இன்னும் ஒரு சிறிய கல் இருக்கிறது. இன்று காலை ஸ்கானைப் பார்த்துவிட்டு வவுனியாவில் டொக்டர் அதை உறுதிப்படுத்தினார். பித்தப்பையை எடுத்துச் சில மாதங்கள் ஆன பிறகும் வலது விலாவுக்குக் கீழே ஏன் நோகிறது என்பதற்குக் கிடைத்த முதல் விடை இது.

வீட்டில் இதுவரை எவரும் நம்பவில்லை. அறுவைச் சிகிச்சையில் எடுத்த கற்களைச் சின்னப் போத்தலில் போட்டுத் தந்திருந்தார்கள். மனைவி அதைக் கண்ணாடி அலுமாரியில் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினாள்.

"கல்லு இஞ்ச கிடக்கு. பிறகு அங்க என்ன நோகுது? அது வாய்வு. உள்ளியைச் சுட்டுச் சாப்பிடுங்கோ."

பூண்டைச் சுட்டுச் சாப்பிட்டேன். நோ போகவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் எங்கள் ஊரில் புடைவைக்கடை வைத்திருக்கும் நானா பக்கத்தில் இருந்தார். அவரும் அந்தப் போத்தலைப் பார்த்தவர்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப ஒண்டைக் குறைச்சுத் தந்திருக்கிறாங்கள்" என்றார்.

நெளுக்குளத்தில் இறங்குவதற்கு முன் மனைவிக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"அப்ப உங்களுக்கு மெய்யாத்தான் நொந்ததோ?"

"ஓம்."

"உள்ளியும் தந்தனே" என்றாள், மெதுவாக.

இனி வாய்வழியாகக் குழாய் விட்டுக் கல்லை எடுக்க வேண்டும். காய்ச்சல் வந்தாலோ கண் மஞ்சளானாலோ உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள். எடுக்கும் திகதி திங்கட்கிழமை தெரியவரும்.

அதுவரை நோகுது என்று சொல்ல எனக்கு வீட்டில் அனுமதி கிடைத்திருக்கிறது. உங்கள் வீடுகளில் இதற்கு என்ன ஆதாரம் கேட்கிறார்கள்?